'பையன் டிராவல் டீம்ல செலக்ட் ஆயிட்டான்!' - அமெரிக்காவில் ரெக் லீக், டிராவல் டீம்: என்ன வித்தியாசம்? பணம் எங்கே போகிறது?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு சனிக்கிழமை வீடியோ கால் போட்டுப் பாருங்கள். பாதி பேர் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு புல்வெளி ஓரம், மடக்கு நாற்காலி, தலையில் தொப்பி, பின்னால் விசில் சத்தம். "பையனுக்கு கேம் நடக்குது, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி கட் செய்துவிடுவார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு நல்ல செய்தி வரும். "பையன் டிராவல் டீம்ல செலக்ட் ஆயிட்டான்!"

இங்கே தாத்தா, பாட்டிக்குப் பெருமை தாங்காது. "மாவட்ட டீமா, மாநில டீமா?" என்று கேட்பார்கள். செலக்ட் ஆனால் அரசாங்கம் டிராவல் அலவன்ஸ் கொடுத்து அழைத்துப் போகும் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அங்கே கதையே வேறு. செலக்ட் ஆன பிறகுதான் அப்பா, அம்மா பர்ஸைத் திறக்க வேண்டும்.

அமெரிக்காவில் பல லட்சம் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் எடுக்கும் முடிவு இது. பிள்ளையை உள்ளூர் 'ரெக் லீக்'கிலேயே விளையாட விடுவதா, 'டிராவல் டீம்'க்கு அனுப்புவதா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம், இதில் ஏன் இவ்வளவு விவாதம் என்று விளக்கமாகப் பார்க்கலாம்.

ரெக் லீக் என்றால் என்ன?

'ரெக்ரியேஷனல் லீக்' என்பதன் சுருக்கம்தான் ரெக் லீக். ஊரின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறை, ஒய்.எம்.சி.ஏ, உள்ளூர் தன்னார்வ அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. பெயர் கொடுத்தால் போதும், இடம் உண்டு. நன்றாக ஆடுகிறவர், முதல்முறை பந்தைத் தொடுகிறவர் எல்லாரையும் கலந்து அணி பிரிப்பார்கள்.

கோச் பெரும்பாலும் அணியில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி, சனிக்கிழமை ஒரு ஆட்டம், இரண்டு மூன்று மாதத்தில் சீசன் முடிந்துவிடும். மைதானம் வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிட தூரத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் முறை வைத்து ஒரு வீட்டிலிருந்து ஆரஞ்சுச் சுளையும் ஜூஸும் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கோரைவிட அதுதான் முக்கியம்.

இதில் பெரிய பெயர் லிட்டில் லீக் பேஸ்பால். 1939-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தொடங்கியது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டத்தில் வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. எதிரணியின் 6 அவுட் விழும் வரை ஃபீல்டிங், ஒரு முறை பேட்டிங், இது குறைந்தபட்சம்.

கால்பந்தில் ஏ.ஒய்.எஸ்.ஓ என்ற அமைப்பு. 1964-ல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் தொடங்கியது. 'எல்லாரும் விளையாட வேண்டும்' என்பதுதான் அதன் முதல் கொள்கை. ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தில் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும். ஆடத் தெரியவில்லை என்பதற்காக பெஞ்சிலேயே உட்கார வைக்க முடியாது.

டிராவல் டீம் எப்படி வேறுபடுகிறது?

இங்கே முதல் படியே தேர்வு. 'டிரையவுட்' நடக்கும். கோச்சுகள் கையில் நோட்டோடு நிற்பார்கள். சில நாளில் மெயில் வரும். இடம் உண்டு, அல்லது இல்லை. எட்டு, ஒன்பது வயதிலேயே "நீ தேறவில்லை" என்ற பதிலைக் கேட்கும் பிள்ளைகள் உண்டு.

பெரும்பாலும் இவை தனியார் கிளப்கள். கோச்சுக்குச் சம்பளம் உண்டு. வாரத்தில் இரண்டு, மூன்று பயிற்சி. குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சி. வார இறுதியில் பக்கத்து ஊர், பக்கத்து மாநிலம் என்று டோர்னமென்ட். யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பது கோச்சின் முடிவு. அப்பா, அம்மா கேள்வி கேட்க முடியாது என்று சில கிளப்கள் எழுத்திலேயே கையெழுத்து வாங்கிவிடும்.

ஒரே பார்வையில் சொன்னால்:

- சேர்க்கை: ரெக் லீக்கில் பதிவு செய்தால் போதும். டிராவல் டீமில் தேர்வு.
- கோச்: ரெக் லீக்கில் தன்னார்வப் பெற்றோர். டிராவல் டீமில் பெரும்பாலும் சம்பளக் கோச்.
- காலம்: ரெக் லீக் இரண்டு, மூன்று மாதம். டிராவல் டீம் பல இடங்களில் ஏறத்தாழ ஆண்டு முழுக்க.
- தூரம்: ரெக் லீக் ஊருக்குள். டிராவல் டீமுக்கு சில மணி நேர கார் பயணம், சில சமயம் விமானம்.
- ஆடும் நேரம்: ரெக் லீக்கில் விதிப்படி எல்லாருக்கும். டிராவல் டீமில் கோச் முடிவு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகையும் இருக்கிறது. லிட்டில் லீக்கில் வசந்த கால சீசன் முடிந்ததும், நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி 'ஆல் ஸ்டார்' அணி அமைப்பார்கள். அந்த அணி மாவட்டம், மாநிலம், மண்டலம் என்று ஜெயித்துப் போனால், ஆகஸ்டில் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் லிட்டில் லீக் உலகத் தொடர் வரை போகலாம். அதாவது, முதலில் எல்லாரும் ஆடு, பிறகு சிலர் போட்டி போடு. பல ஆண்டுகளாக அமெரிக்காவில் இதுதான் வழக்கமான பாதையாக இருந்தது.

இப்போது அந்த வரிசை மாறிவிட்டது. பிரச்னையே அங்கேதான் தொடங்குகிறது.

பணம் எங்கே போகிறது?

ஆஸ்பென் இன்ஸ்டிடியூட்டின் 'புராஜெக்ட் பிளே' பிரிவு குழந்தைகள் விளையாட்டைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அதன் கணக்கெடுப்பின்படி, 2024-ல் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு மட்டும் ஓர் அமெரிக்கக் குடும்பம் சராசரியாக 1,016 டாலர் செலவிட்டிருக்கிறது. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 91 ஆயிரம் ரூபாய். 2019-ஐ விட இது 46 சதவீதம் அதிகம்.

இது ரெக், டிராவல் எல்லாவற்றையும் சேர்த்த சராசரி என்பதை மறக்க வேண்டாம். டிராவல் டீம் குடும்பங்களில் கிளப் கட்டணமே சில ஆயிரம் டாலர் ஆவது சாதாரணம்.

ஆனால் கட்டணம் ஒரு பகுதிதான். பெட்ரோல், ஹோட்டல், சாப்பாடு, யூனிஃபார்ம், தனிப் பயிற்சி எல்லாம் மேலே ஏறும். சில டோர்னமென்ட்களில் சொந்தப் பிள்ளை ஆடுவதைப் பார்க்க பெற்றோரே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 'ஸ்டே டு பிளே' என்று ஒரு விதியும் உண்டு. டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் ரூம் போட வேண்டும், இல்லையென்றால் அணிக்கு இடம் இல்லை. பக்கத்தில் மலிவான ஹோட்டல் இருந்தாலும் பயனில்லை.

ஊர்களும் இதை ஒரு சுற்றுலாத் தொழிலாகவே பார்க்கின்றன. இண்டியானா மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் 2014-ல் திறக்கப்பட்ட கிராண்ட் பார்க் வளாகத்தின் பரப்பு மட்டும் சுமார் 400 ஏக்கர். அணிகள் வந்தால் ஹோட்டல் நிறையும், ஹோட்டல் நிறைந்தால் ஊருக்கு வரி வரும்.

பெரிய முதலீட்டாளர்களும் வந்துவிட்டார்கள். ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி அகாடமி 2023-ல் 125 கோடி டாலருக்குக் கைமாறியது. ஃபிலடெல்ஃபியா 76ர்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர்களான ஜோஷ் ஹாரிஸ், டேவிட் பிளிட்ஸர் இருவரும் 2024-ல் 'அன்ரைவல்ட் ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் குழந்தைகள் விளையாட்டுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலீடு போட்டவர் லாபம் எதிர்பார்ப்பார். அந்த லாபம் வர வேண்டிய இடம் பெற்றோரின் கிரெடிட் கார்டு.

இவ்வளவு செலவு என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்?

பேராசை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. நியாயமான காரணங்களும் இருக்கின்றன.

முதலாவது, பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வமும் திறமையும் இருக்கும். ரெக் லீக்கில் பந்தை எந்தப் பக்கம் உதைப்பது என்று தெரியாத பிள்ளைகளோடு ஆடி அலுத்துப் போயிருக்கும். தன் அளவுக்கு ஆடுகிறவர்களோடு, விஷயம் தெரிந்த கோச்சிடம் கற்கும்போது அந்தப் பிள்ளை மலர்ந்துவிடும். இதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாவது, ஹைஸ்கூல் அணி. அமெரிக்காவில் பள்ளி அணியில் இடம் பிடிப்பது பதின்ம வயதில் பெரிய விஷயம். பெரிய பள்ளிகளில் அந்த இடங்களை ஆண்டுக்கணக்கில் கிளப்பில் ஆடிய பிள்ளைகளே நிரப்பிவிடுகிறார்கள். "ஒன்பது வயசுல சேர்க்கலேன்னா பதினாலு வயசுல இடமே கிடைக்காது" என்ற பயம் இப்படித்தான் வருகிறது.

மூன்றாவது, நட்பு. கூட ஆடிய நாலு பேரும் டிராவல் டீமுக்குப் போய்விட்டால் மீதி இருக்கும் பிள்ளை தனியாக நிற்கும்.

நான்காவது, வெளியே அதிகம் சொல்லாத காரணம். கல்லூரி ஸ்காலர்ஷிப்.

ஸ்காலர்ஷிப் கணக்கு சரியா வருமா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ அமைப்பே சொல்லும் கணக்கு இது. ஹைஸ்கூலில் விளையாடுகிறவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது ஒரு வகை விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது. நூறு பேரில் இரண்டு பேர். அதுவும் ஹைஸ்கூல் அணிவரை வந்துவிட்டவர்களில் நூறு பேர். நடுவில் விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அந்த இரண்டு பேருக்கும் முழுச் செலவும் கிடைத்துவிடாது. பேஸ்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவுக் கல்லூரி அணி ஒன்றுக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் நீண்ட காலம் உச்சவரம்பாக இருந்தது. அதை இருபது, முப்பது வீரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின் மூலம் அந்த முறை மாறியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. கூடுதலாகக் கொடுக்க அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும், ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது.

சுருக்கமா சொன்னா, பத்து வருடம் டிராவல் டீமுக்குக் கட்டும் பணத்தைச் சேமித்து வைத்தால் பல குடும்பங்களுக்கு அதுவே ஒரு நல்ல ஸ்காலர்ஷிப் ஆகிவிடும்.

'ஏ' டீம், 'பி' டீம், 'சி' டீம்

'எலைட்', 'பிரீமியர்', 'செலக்ட்' என்ற பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தப் பெயர்களை வைத்துக்கொள்ள யாரிடமும் தகுதிச் சான்று வாங்க வேண்டியதில்லை. ஒரு கிளப் ஒரே வயதில் மூன்று, நான்கு அணிகள் வைத்திருக்கும். 'ஏ' அணிக்கு நல்ல கோச், நல்ல டோர்னமென்ட். 'சி' அணிக்கும் ஏறத்தாழ அதே கட்டணம். கடைசி அணியில் இருக்கும் பிள்ளையின் பணமும்தான் முதல் அணியின் கோச் சம்பளமாகப் போகிறது.

வயதுக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எட்டு வயதில் 11 மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் ஓட்டத்திலும் அப்பட்டமாகத் தெரியும். கோச் 'திறமை' என்று குறித்துக்கொள்வது சில சமயம் வெறும் பிறந்த மாதமாக இருக்கும். அமெரிக்கக் கால்பந்து அமைப்புகள் இதுவரை ஜனவரி - டிசம்பர் என்று பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்தன. 2026-27 சீசனிலிருந்து பள்ளி வகுப்பை ஒட்டி, ஆகஸ்ட் - ஜூலை கணக்குக்கு மாறுகின்றன. ஒரே வகுப்பு நண்பர்கள் ஒரே அணியில் ஆட இது உதவும். ஆனால் அனுகூலம் இன்னொரு மாதத்துக்கு இடம் மாறுமே தவிர, காணாமல் போகாது.

உடம்பு என்ன சொல்கிறது?

இதுதான் ரொம்ப கவனிக்க வேண்டிய இடம்.

1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பேஸ்பால் பிட்ச்சரின் முழங்கைத் தசைநாரை மாற்றி ஓர் அறுவை சிகிச்சை செய்தார். இன்றும் அதன் பெயர் 'டாமி ஜான் சர்ஜரி'. பல ஆண்டுகள் வேகமாகப் பந்தெறிந்து தேய்ந்த தொழில்முறை வீரர்களுக்காக வந்த சிகிச்சை அது. ஆனால் 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இந்த சர்ஜரிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் 15 முதல் 19 வயதுக்காரர்கள் என்று தெரிய வந்தது.

லிட்டில் லீக்கில் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75. 11, 12 வயதுக்கு 85. 66 பந்துக்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் லீக்கும் 2014-ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டலைக் கொண்டுவந்தது.

விதி இருக்கிறது, அப்புறம் ஏன் காயம்? ஒரு பையன் வியாழக்கிழமை ஊர் லீக்கில் எறிகிறான். சனி, ஞாயிறு டிராவல் டீமுக்கு எறிகிறான். செவ்வாய்க்கிழமை தனி கோச்சிடம் எறிகிறான். மூன்று இடத்திலும் தனித்தனி நோட்டு. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. அந்தக் கணக்கை வைத்திருப்பது முழங்கை மட்டும்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் ஆலோசனை எளிமையானது. வாரத்தில் குறைந்தது ஒரு நாள் முழு ஓய்வு. ஒரே விளையாட்டை ஆடுகிறவர் என்றால் ஆண்டில் இரண்டு, மூன்று மாதம் அதிலிருந்து விடுப்பு. ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது. ஆண்டு முழுக்க நடக்கும் டிராவல் சீசனில் இந்த விடுப்பு எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

உடம்பு மட்டுமல்ல, மனமும் சோர்கிறது. ஒரு விளையாட்டில் சேரும் சராசரி அமெரிக்கக் குழந்தை மூன்று ஆண்டுக்குள், 11 வயதுக்குள் அதை விட்டுவிடுகிறது என்று 2019-ல் ஆஸ்பென் இன்ஸ்டிடியூட்டும் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமும் நடத்திய கணக்கெடுப்பு சொன்னது. அதே கணக்கெடுப்பில் விட்டதற்கான முக்கியக் காரணம், 'இப்போ ஜாலியா இல்லை' என்பதுதான்.

மிச்சம் இருப்பவர்கள் கதி?

டிராவல் டீமுக்குப் போகாதவர்களுக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது.

நன்றாக ஆடும் பிள்ளை கிளம்பும்போது, அந்தப் பிள்ளையின் அப்பாவும் சேர்ந்து கிளம்புகிறார். அவர்தான் ரெக் லீக்கின் தன்னார்வக் கோச்சாக இருந்திருப்பார். கோச் போனதும் இன்னும் நான்கு குடும்பம் யோசிக்கும். எட்டு அணி ஆறாகும், ஆறு நான்காகும். ஒரு கட்டத்தில் பக்கத்து ஊர் லீக்கோடு இணைத்துவிடுவார்கள். மைதானம் பத்து நிமிடத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குப் போய்விடும். வீட்டில் ஒரே கார், அப்பாவுக்கு சனிக்கிழமையும் வேலை என்றால் அந்தப் பிள்ளையின் விளையாட்டு அத்தோடு முடிந்தது.

கிளப்களிலும் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் சலுகை கட்டணத்துக்குத்தான். ஹோட்டலுக்கும் பெட்ரோலுக்கும் கிடையாது. 2026 உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் நாடாக இருந்தும், பணம் கட்டினால்தான் வளர முடியும் என்ற இந்த முறையால் ஏழைக் குடும்பத்துத் திறமைகளை அமெரிக்கா தவறவிடுகிறது என்ற விமர்சனம் அங்கேயே பல ஆண்டுகளாக இருக்கிறது.

வேறு வழியே இல்லையா?

நார்வேயைப் பாருங்கள். 1987-லேயே குழந்தைகளுக்கான விளையாட்டு உரிமைகள் என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்த நாடு. 11 வயதுக்கு முன் ரேங்க், புள்ளிப் பட்டியல் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. "அப்படி வளர்த்தா ஜெயிக்க முடியுமா?" என்று கேட்கலாம். சுமார் 55 லட்சம் மக்கள் தொகை கொண்ட அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி முதலிடம் பிடித்தது. பனியும் அரசு நிதியும் ஊர்தோறும் கிளப்பும் இருக்கும் நாடு என்பதால் அதை அப்படியே அமெரிக்காவோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் எட்டு வயதில் சலித்து எடுத்தால்தான் சாம்பியன் வருவார் என்ற வாதம் அடிபட்டுப் போகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன?

டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் சிக்கல். படிப்பில் எந்த டியூஷன், எந்தத் தேர்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பெற்றோருக்கு, பேஸ்பாலிலும் லக்ரோஸிலும் யாரைக் கேட்பது என்றே தெரியாது. கோச் சொல்வதுதான் வேதம்.

கிரிக்கெட்டும் இப்போது இந்தப் பாதையில் வருகிறது. 2023-ல் மேஜர் லீக் கிரிக்கெட் தொடங்கியது. அதில் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸின் சகோதர அணி. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 128 ஆண்டுக்குப் பிறகு கிரிக்கெட் திரும்புகிறது. கனவு பெரிதாகும்போது அகாடமிக் கட்டணமும் சேர்ந்து பெரிதாகும். அப்பா தெருவில் காசில்லாமல் ஆடிய ஆட்டத்துக்கு, அங்கே மகனுக்கு மாதக் கட்டணம்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

- மொத்தச் செலவு எவ்வளவு? கிளப் கட்டணம் மட்டுமல்ல, ஹோட்டல், பயணம், யூனிஃபார்ம் சேர்த்து.
- பிள்ளை எந்த அணியில்? அந்த அணியின் கோச் யார்?
- ஒரு ஆட்டத்தில் எவ்வளவு நேரம் களத்தில் இருப்பான்? ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போய் பெஞ்சில் உட்கார வைப்பதற்குப் பெயர் பயிற்சி இல்லை.
- ஆண்டில் எத்தனை மாதம் விடுப்பு? வேறு விளையாட்டு ஆட அனுமதி உண்டா?
- கூடப் பிறந்தவர்களின் சனிக்கிழமை என்ன ஆகும்?
- நடுவில் விலகினால் பணம் திரும்ப வருமா?

இதையெல்லாம் கோச்சிடம் கேட்கலாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். ஆட்டம் தோற்ற நாளில், காரில் வீடு திரும்பும்போது. "அடுத்த வாரமும் போலாமா?"

'ஆமாம்' என்று உடனே பதில் வந்தால், ரெக் லீக்கோ டிராவல் டீமோ, சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். பதில் வர ரொம்ப நேரம் ஆனால், பணம் கட்டியாச்சே என்று பார்க்காமல் கொஞ்சம் யோசிக்கலாம்.